தகவல் உரிமை எதுவரை? பெங்களூருவும் பொது அதிகார அமைப்பும்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 யாரைக் கட்டுப்படுத்தும் என்பதை அதன் 2(எச்) பிரிவு வரையறுக்கிறது. அரசியலமைப்பால் உருவானவை, நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானவை, மாநிலச் சட்டமன்றத்தின் சட்டத்தால் உருவானவை, அரசின் அறிவிக்கையாலோ ஆணையாலோ உருவானவை ஆகிய நான்கும் பொது அதிகார அமைப்புகள். இவற்றோடு, அரசுக்குச் சொந்தமான, அரசின் கட்டுப்பாட்டில் உள்ள அல்லது அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் அமைப்புகளும், நேரடியாகவோ மறைமுகமாகவோ அப்படி நிதி பெறும் தொண்டு நிறுவனங்களும் சேர்கின்றன. முதல் நான்கில் சிக்கல் அதிகம் இல்லை. இருபது ஆண்டு வழக்குகளில் பெரும்பகுதி கடைசியாகச் சேர்த்த அந்த வரியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

பெங்களூருவில் ஐயத்துக்கு இடமில்லாமல் சட்டத்துக்குள் இருப்பவை ஏராளம். நகரின் ஐந்து மாநகராட்சிகள், 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான குடிநீர் வடிகால் வாரியம், 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான வளர்ச்சி ஆணையமான பிடிஏ, மாநில அரசுக்குச் சொந்தமான மின்விநியோக நிறுவனம் பெஸ்காம், நகரப் பேருந்துகளை ஓட்டும் பிஎம்டிசி, மத்திய மாநில அரசுகள் சரிபாதிப் பங்கு வைத்திருக்கும் மெட்ரோ ரயில் நிறுவனம் ஆகிய எல்லாவற்றிலும் பொதுத் தகவல் அலுவலர் உண்டு. பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டால் முப்பது நாளில் பதில் வர வேண்டும். ஆனால் ஒரு நகரவாசியின் அன்றாடம் இந்தப் பட்டியலோடு முடிவதில்லை. அவர் வீட்டுக் குப்பையை அள்ளுவது ஒப்பந்ததாரரின் வண்டி. சேமிப்பு கூட்டுறவு வங்கியில். வீட்டு மனை கூட்டுறவுச் சங்கம் ஒதுக்கியது. குழந்தை படிப்பது பிடிஏ நிலத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பள்ளியில். சுங்கம் கட்டுவது தனியார் சாலையில். விமானம் ஏறுவது தனியார் பெரும்பங்கு வைத்திருக்கும் நிலையத்தில். இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வகையில் பொதுமக்களுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவை. தகவல் சட்டம் இவற்றில் எதைத் தொடுகிறது, எதைத் தொடவில்லை என்பதற்கு ஒரே அளவுகோல் இன்றுவரை இல்லை.

சட்டத்தின் முன்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1990-களில் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் நடத்திய மக்கள் விசாரணைகள், பஞ்சாயத்து வேலைகளின் கூலிப் பதிவேட்டையும் செலவுச் சீட்டையும் கேட்டன. தமிழ்நாடு 1997-இல் சட்டம் இயற்றியது. கர்நாடகம் 2000-இல் இயற்றியது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய 2002-ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் நடைமுறைக்கே வராமல் போனது. 2005 அக்டோபர் 12 முதல் இன்றைய சட்டம் முழுமையாக நடைமுறையில் உள்ளது. இந்த இயக்கம் பிறந்தபோது கேள்வியின் முன்னால் நின்றது அரசு அலுவலகம். அரசின் வேலைகள் நிறுவனங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் கைமாறத் தொடங்கிய காலமும் அதுதான். சட்டத்தின் சொற்கள் அரசு அலுவலகத்தைக் கண்முன் வைத்து எழுதப்பட்டன.

‘கணிசமான நிதி’ என்பதன் அளவு

கணிசம் என்றால் எவ்வளவு என்று சட்டம் சொல்லவில்லை. அந்த வேலை நீதிமன்றத்திடம் போய்ச் சேர்ந்தது. கேரளத்தின் தலப்பாளம் சேவைக் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் மூன்று விஷயங்களைச் சொன்னது. கூட்டுறவுச் சங்கம் ஒரு சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றது என்பதாலேயே அது சட்டத்தால் உருவாக்கப்பட்டதாகிவிடாது. பதிவாளர் மேற்பார்வை செய்வதும் ஒழுங்குபடுத்துவதும் ‘கட்டுப்பாடு’ ஆகாது. மேலாண்மையிலேயே அரசின் பிடி கணிசமாக இருக்க வேண்டும். மானியம், சலுகை, வரிவிலக்கு கொடுத்தால் மட்டும் ‘கணிசமான நிதி’ ஆகாது. அந்தப் பணம் இல்லாவிட்டால் அமைப்பு நிலைத்திருப்பதே கடினம் என்ற அளவுக்கு இருக்க வேண்டும். இவற்றை நிரூபிக்கும் சுமை தகவல் கேட்பவருடையது.

ஆறு ஆண்டு கழித்து, 2019 செப்டம்பர் 17 அன்று, டிஏவி கல்லூரி அறக்கட்டளை வழக்கில் அதே நீதிமன்றம் வேறு திசையில் அடி எடுத்து வைத்தது. கணிசம் என்பதற்குப் பாதிக்கு மேல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே விகிதத்தை எல்லாருக்கும் பொருத்த முடியாது. நகரத்தில் மருத்துவமனைக்கோ கல்வி நிறுவனத்துக்கோ அரசு நிலத்தை இலவசமாகவோ பெரும் தள்ளுபடியிலோ கொடுத்திருந்தால் அதுவே கணிசமான நிதியுதவியாக இருக்கக்கூடும். அந்த நிலத்தின் மதிப்பை ஒதுக்கிய நாளின் விலையில் மட்டும் பார்க்காமல், கேள்வி எழும் நாளின் விலையிலும் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியம் பெங்களூருவுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது.

பிடிஏ தன் லேஅவுட்டுகளில் பள்ளி, மருத்துவமனை, சமுதாயக்கூடம், நூலகம் போன்றவற்றுக்காக மனைகளை ஒதுக்கி வைக்கிறது. ஊரார் அவற்றை ‘சிஏ சைட்’ என்பார்கள். 1989-ஆம் ஆண்டின் ஒதுக்கீட்டு விதிகளின்படி இவை சங்கங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் நீண்டகாலக் குத்தகைக்குத் தரப்படுகின்றன. ஜெயநகரிலோ கோரமங்களாவிலோ அப்போது கட்டிய குத்தகைத் தொகையையும் இன்றைய நிலவிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அந்த அறக்கட்டளையின் ஆண்டு வரவு செலவே சிறுத்துப்போகும். 2019 தீர்ப்பின் கணக்கில் பார்த்தால் இவற்றில் பல தகவல் சட்டத்துக்குள் வர வாய்ப்புண்டு. 2013 தீர்ப்பின் கணக்கில், நிலம் இல்லாவிட்டால் பள்ளியே நடக்காது என்பதை மனுதாரர் நிரூபிக்க வேண்டும். இரண்டும் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வுகளின் தீர்ப்புகள் என்பதால், அமைப்பின் தரப்பு ஒன்றைக் காட்ட, மனுதாரர் மற்றதைக் காட்ட வழியிருக்கிறது.

நிரூபிக்கும் சுமை என்பது காகிதத்தில் சிறிய சொல். நடைமுறையில் அதன் எடை வேறு. ஓர் அறக்கட்டளை கணிசமான அரசு நிதி பெறுகிறது என்று காட்ட, நிலத்துக்கு பிடிஏவிடமும், மானியத்துக்குக் கல்வித் துறையிடமும், சொத்துவரி விலக்குக்கு மாநகராட்சியிடமும் ஆவணம் திரட்ட வேண்டும். கர்நாடகத்தின் விதிகளில் 2008-இல் வந்த திருத்தம், ஒரு மனு ஒரே பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும், பொதுவாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆகவே ஒரு கேள்வியைக் கேட்கும் தகுதியைப் பெறுவதற்கே பல மனுக்கள் போட வேண்டியிருக்கிறது. அறக்கட்டளையிடம் அந்த ஆவணங்கள் எல்லாம் ஒரே அலமாரியில் இருக்கும் என்பதை நினைத்தால், சுமை தவறான தோளில் ஏறியிருப்பது தெரியும்.

அதற்கு அடுத்த படியிலும் ஒரு பொறி உண்டு. தன்னைப் பொது அதிகார அமைப்பாக ஏற்காத நிறுவனத்தில் தகவல் அலுவலரே இருக்க மாட்டார். அலுவலர் இல்லாததால் மனுவே கொடுக்க முடியாதவர், 18-ஆம் பிரிவின் கீழ் மாநிலத் தகவல் ஆணையத்திடம் புகார் செய்யலாம். விதான சௌதாவுக்கு எதிரே தேவராஜ் அர்ஸ் சாலையில் உள்ள மாஹிதி சௌதாவில் ஆணையம் இயங்குகிறது. ஆனால் மணிப்பூர் வழக்கில் 2011 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், 18-ஆம் பிரிவுப் புகாரில் தகவலைத் தரச்சொல்லி ஆணையம் உத்தரவிட முடியாது, அதற்கு 19-ஆம் பிரிவின் மேல்முறையீடே வழி என்றது. அலுவலரே இல்லாத இடத்தில் மேல்முறையீடு யாரிடம் தொடங்கும்? அலுவலரை நியமிக்கச் சொல்லும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. அந்த உத்தரவு வந்த மறுநாளே அமைப்பு உயர் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம். ஓர் அமைப்பு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்ற முதல் கேள்விக்கே ஆண்டுகள் போய்விடும் ஏற்பாடு இது.

தேவனஹள்ளியில் 26 விழுக்காடு

இந்தக் குழப்பத்துக்கு மிகத் துலக்கமான எடுத்துக்காட்டு தேவனஹள்ளியில் உள்ள பன்னாட்டு விமான நிலையம். 2008 மே மாதம் அது திறக்கப்பட்டபோது பங்குகளில் 74 விழுக்காடு சீமென்ஸ், எல் அண்ட் டி, சூரிக் விமான நிலையம் ஆகிய தனியார் தரப்பிடம் இருந்தது. மீதி 26 விழுக்காட்டில் 13 இந்திய விமான நிலைய ஆணையத்துக்கு, 13 கர்நாடக அரசின் தொழில் முதலீட்டு நிறுவனமான கேஎஸ்ஐஐடிசிக்கு. பாதிக்குக் கீழே என்பதால் அரசுக்குச் சொந்தமில்லை. இயக்குநர் குழுவில் அரசு சிறுபான்மை என்பதால் கட்டுப்பாடும் இல்லை என்பது ஒரு தரப்பு. ஏறத்தாழ 4,000 ஏக்கர் நிலத்தை அரசு குத்தகைக்குக் கொடுத்தது, 350 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தது, ஆகவே கணிசமான நிதி உண்டு என்பது எதிர்த்தரப்பு. கேள்வி 2008-இலேயே மாநிலத் தகவல் ஆணையத்திலும் தொடர்ந்து உயர் நீதிமன்றத்திலும் எழுந்தது.

இந்த வாதங்களில் சட்டத்தின் சொற்களால் தொட முடியாமல் நின்றது இன்னொன்று. மத்திய அரசோடு 2004-இல் செய்த ஒப்பந்தத்தின்படி, 25 ஆண்டுகளுக்கு 150 கிலோமீட்டர் தொலைவுக்குள் வேறொரு பன்னாட்டு விமான நிலையம் வர முடியாது. ஊருக்குள் இருந்த எச்ஏஎல் நிலையத்தில் பயணிகள் விமானங்கள் நின்றதும் அந்த ஒப்பந்தத்தின் விளைவே. அதை எதிர்த்து அப்போது பெரிய கூச்சல் எழுந்தது. ஒரு நகரத்தின் வான்வழியை ஒரே கையில் கொடுக்கும் அதிகாரம் அரசிடமிருந்து வந்தது. பயணியிடம் வாங்கும் மேம்பாட்டுக் கட்டணத்துக்கும் சட்டத்தின் அனுமதி உண்டு. பங்கு எத்தனை விழுக்காடு என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது இந்த அதிகாரம் எண்ணிக்கையில் வருவதே இல்லை.

பாக் நீரிணையைத் தாண்டினால் இதே கேள்விக்கு ஒரு வரியில் விடை கிடைத்திருக்கும். இலங்கையின் 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம், அரசு 25 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு வைத்துள்ள நிறுவனத்தைப் பகிரங்க அதிகாரசபையாகக் கொள்கிறது. தேவனஹள்ளியின் 26 அங்கே போதும். அது மட்டுமன்று: அரசோடோ உள்ளூராட்சி சபையோடோ செய்த ஒப்பந்தம், பங்காண்மை, உரிமம் ஆகியவற்றின் கீழ்ப் பொதுச் சேவை ஆற்றும் தனியார் நிறுவனமும் அந்தச் சேவையின் அளவுக்குச் சட்டத்துக்கு உட்படும். தனியார் பல்கலைக்கழகங்களும் தனியார் கல்வி நிறுவனங்களும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. அரசிடமோ வெளிநாட்டு அரசிடமோ பன்னாட்டு அமைப்பிடமோ கணிசமான நிதி பெற்று மக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனங்களும் அந்தச் சேவை தொடர்பான தகவலைத் தர வேண்டும். இந்தியச் சட்டத்துக்குப் பதினொரு ஆண்டு பிந்தியது என்பதால், இந்தியாவில் வழக்காடிக் கழிந்த காலத்தை இலங்கை வரைவிலேயே மிச்சப்படுத்திக்கொண்டது என்று சொல்லலாம்.

‘அந்தச் சேவையின் அளவுக்கு’ என்ற வரம்பு கவனிக்கத்தக்கது. இந்தியச் சட்டத்தில் ஓர் அமைப்பு முழுதாக உள்ளே அல்லது முழுதாக வெளியே. ஐந்து மாநகராட்சிகளுக்குக் குப்பை அள்ளும் ஒரு நிறுவனம் கூடவே சரக்கு லாரியும் ஓட்டினால், லாரிக் கணக்கைக் கேட்க யாருக்கும் தேவையில்லை. குப்பைக் கணக்கை மறைக்க நிறுவனத்துக்கு உரிமையும் இல்லை. பணியை அளவாக வைத்தால் இந்த வெட்டு சுத்தமாக விழும். பணத்தை அளவாக வைத்தால் மொத்த நிறுவனத்தையும் எடை போட வேண்டியதாகிறது.

ஒப்பந்ததாரரின் பதிவேடு

பெங்களூருவில் குப்பை என்பது தகவல் உரிமையின் நல்ல பாடநூல். பௌரகார்மிகர்கள் எனப்படும் துப்புரவுத் தொழிலாளர்கள் நெடுங்காலம் ஒப்பந்ததாரர்களின் கீழ் வேலை செய்தார்கள். எந்த வார்டில் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், கூலி எவ்வளவு, வருங்கால வைப்புநிதி கட்டினார்களா, எத்தனை வண்டி ஓடியது என்பதெல்லாம் ஒப்பந்ததாரரின் பதிவேட்டில். பில் மட்டும் மாநகராட்சியில். தொழிலாளர் சங்கங்களின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு கூலி நேரடியாகத் தொழிலாளியின் கணக்குக்கு வரத் தொடங்கியபோதுதான் பதிவேட்டின் பெரும்பகுதி அரசின் கைக்கு வந்தது. தகவல் சட்டத்தைத் திருத்தாமல், கூலி கொடுக்கும் முறையைத் திருத்தியதால் கிடைத்த தகவல் இது.

சட்டத்துக்குள்ளேயே ஒரு பக்கவாசல் உண்டு. 2(எஃப்) பிரிவின்படி, வேறொரு சட்டத்தின் கீழ்ப் பொது அதிகார அமைப்பு ஒரு தனியார் அமைப்பிடமிருந்து பெறக்கூடிய தகவலும் ‘தகவல்’தான். தனியார் மருத்துவமனையைப் பற்றி, 2007-ஆம் ஆண்டின் கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் அதைப் பதிவு செய்யும் அலுவலரிடம் கேட்கலாம். ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேட்டைப் பற்றித் தொழிலாளர் துறையிடம் கேட்கலாம். கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி, 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவாளரிடம் கேட்கலாம். தலப்பாளம் தீர்ப்பே இந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் பக்கவாசலுக்குக் காவல் அதிகம். துறை அந்தத் தகவலைப் பெற அதிகாரம் உள்ளதாக இருக்க வேண்டும். இருந்தாலும் ‘எங்களிடம் இல்லை’ என்ற பதிலே முதலில் வரும். வந்தபின் மூன்றாம் தரப்பின் கருத்தைக் கேட்கும் 11-ஆம் பிரிவு. அதைத் தாண்டினால் வணிக இரகசியம் என்னும் 8(1)(டி).

நைஸ் சாலையில் இதன் எல்லை தெரியும். பெங்களூரு–மைசூரு உள்கட்டமைப்பு வழித்தடத்துக்கான 1997-ஆம் ஆண்டின் சட்டக ஒப்பந்தம் 20,193 ஏக்கரைப் பற்றிப் பேசுகிறது. அதில் தனியார் நிலத்தைக் கையகப்படுத்தியது தொழிற்பகுதி மேம்பாட்டு வாரியம், அதாவது அரசு. ஒப்பந்தமும் கையகப்படுத்தல் கோப்புகளும் அரசிடம் இருப்பதால் கேட்டுப் பெறலாம். சுங்கச்சாவடியில் நாள்தோறும் விழும் பணத்தின் கணக்கு நிறுவனத்திடம். அந்தச் சாலையைப் பற்றி டி.பி. ஜெயச்சந்திரா தலைமையில் சட்டமன்றக் குழு ஒன்று அமைந்து 2016-இல் அறிக்கை கொடுத்தது. சட்டமன்றம் குழு வைத்துக் கேட்க வேண்டிய அளவுக்குப் பொதுநலன் உள்ள ஒரு விஷயத்தை, அந்தச் சாலையில் சுங்கம் கட்டுபவர் பத்து ரூபாய் மனுவில் கேட்க முடியாமல் இருப்பதற்கு நல்ல காரணம் எதுவும் தென்படவில்லை.

கூட்டுறவு வங்கிகளில் சேதம் இன்னும் நேரடியானது. 2020 ஜனவரியில் பசவனகுடியின் ஸ்ரீ குரு ராகவேந்திரா சகாகார வங்கியின் மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்து, ஒருவர் எடுக்கக்கூடிய தொகையை 35,000 ரூபாயாக்கியது. வைப்புதாரர்களில் பலர் ஓய்வூதியக்காரர்கள். வங்கியின் கடன்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை அவர்கள் முன்கூட்டியே வங்கியிடம் கேட்டிருந்தால், தலப்பாளம் தீர்ப்பைக் காட்டி மறுத்திருக்கலாம். ஆனால் வங்கிகளை ஆய்வு செய்யும் ரிசர்வ் வங்கி பொது அதிகார அமைப்பு. ஆய்வறிக்கைகளை நம்பிக்கை உறவின் பேரில் மறைக்க முடியாது என்று 2015 டிசம்பரில், ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பக்கவாசல் சரியாகத் திறந்தால் எவ்வளவு பயன் தரும் என்பதற்கு அந்தத் தீர்ப்பு சான்று. வீட்டுமனைக் கூட்டுறவுச் சங்கங்களின் கதையோ இதைவிடப் பழையது. 1980-களிலேயே ஜி.வி.கே. ராவ் விசாரணை அறிக்கை, பெங்களூருவின் மனைச் சங்கங்கள் தகுதியில்லாதவர்களை உறுப்பினர்களாகச் சேர்த்ததையும் இடைத்தரகர்களோடு செய்த ஏற்பாடுகளையும் எடுத்துக்காட்டியது. எச்எம்டி சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கருத்தில் கொண்டது. உறுப்பினர் பட்டியலும் ஒதுக்கீட்டு வரிசையும் யாரும் பார்க்கும்படி இருந்திருந்தால், அந்த முறைகேடுகளில் பலவற்றுக்கு விசாரணை அதிகாரி தேவைப்பட்டிருக்க மாட்டார்.

பெங்களூருவுக்கே உரிய இன்னொரு வகை, பிரமுகர்களின் பணிக்குழு. 1999-இல் எஸ்.எம். கிருஷ்ணா அரசு நந்தன் நிலேகனி தலைமையில் அமைத்த ‘பேங்களூர் அஜெண்டா டாஸ்க் ஃபோர்ஸ்’ மாநகராட்சி, பிடிஏ, குடிநீர் வாரியம் முதலியவற்றோடு உட்கார்ந்து நகரத்தின் திட்டங்களை வகுத்தது. 2008-இல் எடியூரப்பா அரசு ‘அபைட்’ என்ற குழுவை அமைத்தது. அரசின் ஆணையால் உருவானவை என்பதால் இத்தகையவை 2(எச்) பிரிவின் நான்காம் வகையில் அடங்கும் என்று வாதிட இடமிருக்கிறது. ஆயினும் அலுவலகமும் கோப்பும் இல்லாத குழுவிடம் கேள்வி கேட்பது காற்றிடம் கேட்பதுதான். இவற்றைப் பொறுத்தவரை சட்டத்தின் வீச்சைவிட, கூட்டக் குறிப்பு எழுதப்படுகிறதா என்பதே முக்கியம்.

கட்சியும் கிரிக்கெட்டும்

அரசியல் கட்சிகளைப் பற்றிய வாதம் எல்லாருக்கும் தெரிந்தது. 2013 ஜூன் 3 அன்று மத்தியத் தகவல் ஆணையத்தின் முழு அமர்வு, ஆறு தேசியக் கட்சிகளைப் பொது அதிகார அமைப்புகளென அறிவித்தது. தில்லியில் சலுகை விலையில் நிலம், வருமானவரி விலக்கு, வானொலி தொலைக்காட்சியில் இலவச நேரம் ஆகியவற்றை மறைமுக நிதியாகக் கணக்கிட்டது. கட்சிகள் ஆற்றும் பொதுப் பணியையும் சுட்டிக்காட்டியது. கேட்ட தரப்புகளில் ஒன்று ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம்; அதன் நிறுவனர்களில் ஒருவரான திரிலோசன் சாஸ்திரி பெங்களூரு ஐஐஎம்மில் பேராசிரியராக இருந்தவர். எந்தக் கட்சியும் உத்தரவைச் செயல்படுத்தவும் இல்லை, நீதிமன்றத்தில் எதிர்க்கவும் இல்லை. கட்சிகளை விலக்கும் திருத்த மசோதா அதே ஆகஸ்டில் வந்து, பின்னர் காலாவதியானது. 2015 மார்ச்சில் ஆணையம், உத்தரவை நிறைவேற்ற வைக்கும் வழி தன்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டது. தகவல் சட்டத்தின் வரலாற்றில் இதைவிட அமைதியான மீறல் இல்லை.

விளையாட்டு அமைப்புகளில் பணத்தின் அளவுகோல் தலைகீழாகிவிடுகிறது. கிரிக்கெட் வாரியத்தைத் தகவல் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று 2018 ஏப்ரலில் சட்ட ஆணையம் தன் 275-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது; அதே அக்டோபரில் மத்தியத் தகவல் ஆணையமும் அப்படியே தீர்ப்பளித்தது. ஆனால் 2025-ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், அரசு நிதி பெறும் விளையாட்டு அமைப்புகளுக்கு மட்டும் தகவல் சட்டத்தைப் பொருத்தியது. ஆகவே ரயில் கட்டணத்துக்கு அரசை எதிர்பார்க்கும் ஏழைச் சம்மேளனம் கணக்குச் சொல்ல வேண்டும். நாட்டின் பெயரில் அணியை அனுப்பும் பணக்கார வாரியம் சொல்ல வேண்டியதில்லை. மாநிலக் கிரிக்கெட் சங்கத்தின் சின்னசாமி அரங்கம் அரசு குத்தகைக்குக் கொடுத்த நிலத்தில் நிற்கிறது. 2025 ஜூன் 4 அன்று ஐபிஎல் அணியின் வெற்றிக் கொண்டாட்டத்தின்போது அதன் வாசல்களில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். எந்த வாசல் எப்போது திறப்பது, நுழைவுச்சீட்டு எப்படி என்று அணி நிர்வாகமும் சங்கமும் காவல்துறையும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் காவல்துறையிடம் இருப்பதை மட்டுமே ஒரு குடிமகன் ஐயமின்றிக் கேட்க முடியும்.

வகை வகையாகச் சேர்த்தல்

வேறு நாடுகளில் எல்லையை நீட்டும் வேலை பெரும்பாலும் வழக்கறிஞர்களிடம் விடப்படவில்லை. தென்னாப்பிரிக்கா 2000-இலேயே, ஓர் உரிமையைப் பயன்படுத்தவோ காக்கவோ தேவைப்பட்டால் தனியார் அமைப்பிடமும் ஆவணம் கேட்கலாம் என்று சட்டம் செய்தது. பிரிட்டனின் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, பொதுப் பணி ஆற்றும் அமைப்பை அமைச்சர் ஓர் ஆணையால் உள்ளே கொண்டுவர அனுமதிக்கிறது. 2011-இல் காவல்துறைத் தலைவர்களின் சங்கம், நிதிச்சேவைக் குறைதீர்ப்பு அமைப்பு, பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பு மூன்றும் அப்படிச் சேர்ந்தன. ஸ்காட்லாந்து இதே அதிகாரத்தை இன்னும் ஊக்கமாகப் பயன்படுத்தியது. நகரசபைகள் உருவாக்கிய பண்பாட்டு, விளையாட்டு அறக்கட்டளைகள் 2014-இலும், தனியார் நடத்தும் சிறைகள் 2016-இலும், பதிவு பெற்ற வீட்டுவசதிச் சங்கங்கள் 2019-இலும் சேர்ந்தன. ஒவ்வொரு முறையும் ஒரு வகை முழுவதும் உள்ளே வந்தது; எந்த அமைப்பும் தான் தனி என்று வாதாட இடமில்லை.

இந்தியச் சட்டத்தில் அத்தகைய பிரிவு இல்லை. 27-ஆம் பிரிவு மாநிலங்களுக்குக் கொடுப்பது கட்டணம், நடைமுறை போன்ற விதிகளை வகுக்கும் அதிகாரத்தை மட்டுமே. விலக்கும் அதிகாரமோ தாராளமாக உண்டு: 24(4) பிரிவின் கீழ் மாநிலம் தன் உளவு, பாதுகாப்பு அமைப்புகளை அறிவிக்கையால் வெளியே எடுக்கலாம். 2008-இல் தமிழ்நாடு ஊழல் தடுப்புக் கண்காணிப்புத் துறையையே அப்படி வெளியே எடுத்தது. வெளியே விட ஒரு காகிதம் போதும், உள்ளே கொண்டுவர ஒரு வழக்கு வேண்டும் என்ற இந்தச் சாய்வே இந்தியச் சட்டத்தின் முதன்மையான குறை. பணியின் அடிப்படையில் வகை வகையாகச் சேர்க்கும் அதிகாரம் ஒன்றை நாடாளுமன்றம் தருவதே நேரான தீர்வு.

எதிர்ப்பு வாதங்களில் ஒன்று எடையுள்ளது. இரண்டு எழுத்தர்களோடு நடக்கும் சிறு சங்கத்துக்குத் தகவல் அலுவலரும் மேல்முறையீட்டு அலுவலரும் பெரும் சுமை. பழிவாங்கும் மனுக்களும் வரும். நிலத்தின் பரப்பு, ஒப்பந்தத்தின் மதிப்பு என்று வரம்பு வைத்து வகையை வரையறுத்தால் இந்தச் சுமை குறையும். சிறு அமைப்புகள் தாமே முன்வந்து வெளியிட வேண்டிய குறுகிய பட்டியல் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். போட்டியாளர் தொழில் இரகசியத்தை அறிந்துகொள்வார் என்ற வாதத்துக்கு 8(1)(டி) ஏற்கெனவே விடை.

அந்தரங்கம் பற்றிய வாதம் இப்போது புதிய உருவம் எடுத்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. அது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்பு தனிநபர் தகவலை மறுக்க, அதற்கும் பொதுச் செயல்பாட்டுக்கும் தொடர்பில்லை என்றோ தேவையற்ற அந்தரங்க மீறல் என்றோ காட்ட வேண்டியிருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்பதே போதும். பொதுநலனைக் காட்டிப் பெற 8(2) மட்டும் மிச்சம். பள்ளி, மருத்துவமனை, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் பதிவேடுகளில் பெயர் இல்லாத பக்கம் அரிது. எல்லையை நீட்டிவிட்டு இந்தப் பிரிவை அப்படியே விட்டால், மனுவுக்கு அலுவலர் கிடைப்பார், பதில் கிடைக்காது.

நாடாளுமன்றத்துக்குக் காத்திராமல் கர்நாடகம் செய்யக்கூடியதும் உண்டு. சிஏ சைட் குத்தகைப் பத்திரத்தில், தொழிற்பகுதி நில ஒதுக்கீட்டில், குப்பை ஒப்பந்தத்தில், சாலைச் சலுகை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்: அந்தப் பணி தொடர்பான பதிவேடுகள் ஒப்பந்தம் கொடுத்த துறையின் கட்டுப்பாட்டில் உள்ளவையாகக் கருதப்படும், கேட்ட ஏழு நாளில் துறையிடம் தர வேண்டும். ‘கட்டுப்பாட்டில் உள்ள’ தகவல் என்பது 2(ஜே) பிரிவின் சொல்லே என்பதால், மனு துறையிடம் போகும். துறை ‘எங்களிடம் இல்லை’ என்று சொல்ல முடியாது. 1999-ஆம் ஆண்டின் வெளிப்படையான பொதுக் கொள்முதல் சட்டத்தை முன்கூட்டியே இயற்றிய மாநிலத்துக்கு இது பெரிய தாவல் இல்லை. 4-ஆம் பிரிவின்படி தாமாக வெளியிடும் வேலைக்கென்று தொடங்கிய மாஹிதி கணஜா இணையதளத்தில் குத்தகை, சலுகை ஒப்பந்தங்களின் முழுப் பட்டியலையும் ஏற்றினால் பாதி மனுக்களுக்குத் தேவையே இருக்காது.

அந்த நிபந்தனையில் தண்டனையையும் எழுதிவைக்க வேண்டியிருக்கும். 20-ஆம் பிரிவின் கீழ் ஆணையம் விதிக்கும் அபராதம் நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சம் 25,000 ரூபாய். அது தகவல் அலுவலரின் தலையில் விழுகிறது, கூடவே பணிவிதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஒப்பந்ததாரரின் மேலாளருக்கு அரசுப் பணிவிதி பொருந்தாது. பதிவேட்டைத் தராத நாட்களுக்கு அவருடைய அடுத்த பில்லில் பிடித்தம், மூன்றாம் முறை தவறினால் வைப்புத்தொகை பறிமுதல் என்று ஒப்பந்தமே சொல்லியிருந்தால்தான் துறை அலுவலர் மட்டும் அபராதம் கட்டும் நிலை வராது.